‘அங்கே’ என்றால் எங்கே?

காணொளி விளையாட்டு என்றதுமே கண் கெடும், படிப்புக் கெடும் என்ற பேச்சு எழுகிறது. அவ்வச்சம் முழுப் பொய்யன்று; 2019இல் ஏற்கப்பட்ட தன் நோய்ப் பகுப்பில் உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தையும் சேர்த்தது. ஆயினும், கேட்டை மட்டும் எண்ணிப் பயனை எண்ணாதிருப்பது ஆய்வுமுறை ஆகாது.

மொழியியலாளர் ஜேம்ஸ் பால் ஜீ, தம் ஆறு வயது மகன் ஆடுவதைக் கண்டு தாமும் ஆடத் தொடங்கியவர். விளையாட்டுகளையும் கற்றலையும் பற்றி 2003இல் நூலொன்று எழுதினார். முதலில் விளங்காத விளையாட்டுக் கையேடு, ஆடிய பின்னர்த் தமக்குத் தெளிவாயிற்று என்கிறார். சொற்பொருள் செயலின் வழியே கூடுகிறது என்பது அவர் துணிபு. அதே ஆண்டு கிரீனும் பவேலியரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, அதிரடி விளையாட்டுப் பயிற்சி பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்குவதைக் காட்டியது. அதனால் மதிப்பெண்ணும் உயரும் என்று முடிவுகட்ட இயலாது.

புனேயில் என் விடுதியில் மராத்தி, தெலுங்கு, மலையாளம் பேசும் மாணவர் நால்வர் இரவில் பிஜிஎம்ஐ ஆடுவர். ‘எதிரி அங்கே’ என்றால் பயனில்லை. அவரவர் நிற்குமிடத்திற்கேற்ப ‘அங்கே’ மாறும். ஆகவே திசைகாட்டி எண்ணை முதலில் சொல்கிறார்கள். பின்பு மரம், சுவர், தொலைவு. சுட்டுச்சொல் பேசுவோன் நிற்குமிடத்தைச் சார்ந்தது என்னும் பாடத்தை அவர்களுக்கு எவரும் நடத்தவில்லை. அவர்களுள் எவருக்கும் தாய்மொழியல்லாத இந்தியே அங்கே பொதுமொழி. மலையாள மாணவரின் இந்தி பெரும்பாலும் அந்த ஆட்டத்தில்தான் உருவானது.

பத்தாம் வகுப்புப் பயிலும் தன் மகனிடமிருந்து கைப்பேசியைப் பறித்துவிடலாமா என்று மதுரையிலிருந்து என் தமக்கை கேட்கிறாள். அவன் இப்போது வீட்டில் எவரிடமும் பேசுவதில்லையாம். பணம் கட்டி ஆடுவதை அறவே தடு, உறக்க நேரத்தைக் காப்பாற்று என்றேன். அவன் ஆடும்போது அருகில் அமர்ந்து, நடப்பதைத் தமிழில் விளக்கச் சொல் என்றும் சொன்னேன். தம்பியை மீட்கப் புறப்படும் பெண்ணின் கதையான ‘ராஜி’ என்னும் விளையாட்டை 2020இல் வெளியிட்டது இப்புனே நிறுவனமான நாடிங் ஹெட்ஸ். அதில் தொடங்கலாம் என்றேன். தாயும் மகனும் சேர்ந்து பேசுவதற்கு அதில் ஒரு கதை உண்டு.

பறித்தால் கைப்பேசி கைக்கு வரும். பேச்சு வருமா என்பதே என் ஐயம். ஆசிரிய நண்பர்கள் தம் வகுப்பறை அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன்.