கரும்பு வந்த வழி

தருமபுரி மாவட்டத்தில் ஒரு பிள்ளை கல்லூரியில் வரலாறு படிக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. மழை பொய்த்தால் பெங்களூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறுகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிற பிள்ளையின் மூன்று வருஷப் படிப்பு, அந்த வீடு விட்டுக்கொடுத்த மூன்று வருஷச் சம்பளம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு உதவும், ஆசிரியர் வேலைக்குப் போகலாம் என்று பதில் சொல்கிறோம். அதுவும் உண்மைதான். ஆனால் வரலாற்று வகுப்பில் பிள்ளைகளோடு பழகிவரும் எனக்கு அதைவிடப் பெரிய பதில் ஒன்று தெரியும்.

உலக வரலாற்றுப் பாடம் நைல் நதிக்கரையில் தொடங்கும். பிறகு பாபிலோன், கிரேக்கம், ரோம். அடுத்து இடைக்காலம், மறுமலர்ச்சி, தொழிற்புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி, இரண்டு உலகப் போர்கள். பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் அரூர் மலையோரக் கிராமங்களிலிருந்தும் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற பிள்ளைகளுக்கு இவையெல்லாம் முதலில் வெறும் பெயர்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் இறக்கி வைத்துவிடுகிற பெயர்கள். அந்தப் பெயர்களுக்குள் உயிர் வர வேண்டுமானால் பாடம் பிள்ளையின் சொந்த ஊருக்குள் ஒருமுறையாவது கால் வைக்க வேண்டும். தருமபுரியில் அதற்கு வலிந்து தேட வேண்டியதில்லை. உலகம் இந்த மண் வழியாகப் பல முறை நடந்து போயிருக்கிறது.

ஹோமரின் இலியட் காவியத்தில் நெஸ்டர் என்றொரு முதியவர் வருவார். இளம் வயதில் பக்கத்து நாட்டாரின் மாட்டு மந்தைகளைக் கவர்ந்து வந்த வீரத்தை அவர் பெருமையோடு விவரிக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவர் எழுந்தார். "சார், எங்க ஊரு வேடியப்பன் கல்லுலயும் அதானே இருக்குது?" வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் சொன்னது சரி. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமிகளில் பல, ஆநிரை மீட்கும் பூசலில் இறந்துபட்ட வீரர்களின் நடுகற்கள். வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் எதற்காகச் செத்தான் என்ற செய்தி எல்லாம் அவற்றில் இருக்கும். பல்லவர் காலத்துக் கற்கள்கூட உண்டு. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். மாடே செல்வமாக இருந்த காலத்தில் கிரேக்கத்திலும் இந்தத் தருமபுரி மண்ணிலும் மனிதர்கள் ஒரே காரணத்துக்காகச் சண்டையிட்டார்கள் என்பது அந்த மாணவருக்கு அன்று தானாகப் பிடிபட்டது. மேய்ச்சல் சமூகம் என்ற பாடத்தை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அசோகர் பாடமும் அப்படித்தான். அவருடைய இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததையும், மூலிகைகள் நடுவித்ததையும், வழிகளில் கிணறு வெட்டி மரம் வைத்ததையும் சொல்கிறது. தன் எல்லைக்கு அப்பால் இது சென்று சேர்ந்த நாடுகளாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி என அடுக்கிவிட்டு, யவன அரசன் அந்தியோகனையும் சேர்த்துக்கொள்கிறது. அந்தியோகன் சிரியாவிலிருந்து ஈரான் வரை ஆண்ட கிரேக்க வம்சத்து அரசன். சோழரும் பாண்டியரும் தெரிந்தவர்கள். இந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1981-இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டறிந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி குகைத்தளம் கொடுத்ததைச் சொல்லும் அந்தச் சிறு கல்வெட்டு, அவனைச் 'சதியபுதோ' என்று குறிப்பிடுகிறது. தகடூரை ஆண்ட அதியர் குலம்தான் அசோகர் சொன்ன சத்தியபுத்திரர் என்பது அதனால் துலங்கியது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஒரே கல்வெட்டு வாக்கியத்தில் சிரியா நாட்டு அரசனும் எங்கள் ஊர்க்காரர்களும் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, கிரேக்கப் பாடம் தூரத்துப் பாடமாக இருக்க முடியுமா?

நவீன காலத்துக்கு வருவோம். 1781 அக்டோபரில் அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்த ஆங்கிலத் தளபதியின் பெயர் காரன்வாலிஸ். அமெரிக்க விடுதலைப் போர்ப் பாடத்தில் அவர் தோற்றவராக வந்து மறைந்துவிடுவார். 1786-இல் அதே காரன்வாலிஸ் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். திப்பு சுல்தானோடு போரிட்டு, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தின்படி அவருடைய நாட்டில் பாதியைப் பறித்தார். அப்படிக் கம்பெனியின் கைக்குப் போன பகுதிகளில் ஒன்று பாராமகால், அதாவது கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம். பிரான்சில் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசு அறிவித்த ஆண்டும் அதே 1792.

புதிதாகக் கிடைத்த பாராமகாலுக்கு வரி போட அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்குக் கீழே உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி, நிலத்தை அளந்து, குடியானவரோடு நேரடியாகப் பேசி வரி விதிக்கும் முறையைப் பழகினார். ஜமீன்தாரை நடுவில் வைக்காத அந்த ரயத்துவாரி முறை பிறகு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. தோட்டத்துக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, சிட்டாவில் எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் காத்திருக்கிற அப்பாவோடு போய் நின்ற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மன்றோவைப் பற்றிச் சொல்லும்போது சத்தமே இருக்காது. கையிலிருக்கும் காகிதத்தின் பின்னால் இரண்டு கண்டத்துப் போர்கள் இருக்கின்றன என்று உணர்கிற அமைதி அது.

இத்தனைக்கும் மேலாக நான் விரும்பிச் சொல்லும் பாடம் கரும்பைப் பற்றியது. பண்டைக்காலம் தொடங்கி நம் காலம் வரை உலக வரலாறு முழுவதையும் ஒரு கரும்புத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அதியமானின் முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்று சொல்கிறது. கரும்பு முதன்முதலில் பயிரானது நியூகினித் தீவில் என்பது தாவரவியலாரின் முடிவு. அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ், தேனீ இல்லாமலே தேன் தரும் நாணலை இந்தியாவில் கண்டதாக எழுதினான். சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் வித்தை இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனது. அராபியர் அதை மத்தியதரைக் கடல் ஓரம் முழுக்கப் பரப்பினார்கள். 1493-இல் தன் இரண்டாம் பயணத்தில் கொலம்பஸ் கரும்பைக் கரீபியத் தீவுக்குக் கொண்டு போனார்.

இந்த இடத்தில் கதையின் நிறம் மாறுகிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துக் கட்டி அட்லாண்டிக் கடலைக் கடத்தினார்கள். சுமார் 1.25 கோடிப் பேர் அப்படிக் கப்பலேற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மாண்டு மடிந்தது சர்க்கரைக்காக. 1791-இல் பிரெஞ்சுக்காரரின் சர்க்கரைத் தீவு ஒன்றில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804-இல் ஹெய்ட்டி என்ற சுதந்திர நாட்டையே அமைத்தார்கள். 1834-இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகள் அடுத்துத் திரும்பியது இந்தியாவை நோக்கி. அதே ஆண்டு மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல், 1860 நவம்பரில் தமிழரையும் தெலுங்கரையும் நேட்டாலின் கரும்புக் காட்டில் இறக்கியது. பஞ்சமும் கடனும் துரத்தியதால் கிளம்பிய எளிய குடும்பங்கள். அதே நேட்டாலில் 1894-இல், முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்த பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, இளம் வக்கீலான காந்தியிடம் வந்து நின்றார். ஏழைத் தொழிலாளருக்கும் காந்திக்கும் ஏற்பட்ட உறவின் தொடக்கமாக அது அமைந்தது.

கரும்பு பிறகு இங்கேயே திரும்பி வந்து சேர்கிறது. வ.உ.சி.யோடு 1908-இல் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா, சிறையில் பற்றிய தொழுநோயோடு, ரயிலில் ஏறக்கூடாதென்று அரசு தடுத்தும் ஊர் ஊராக நடந்து பேசியவர். கடைசிக் காலத்தில் எங்கள் பாப்பாரப்பட்டியில் தங்கினார். அங்கே பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப ஆசைப்பட்டு, 1923-இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-இல் அதே ஊரில் இறந்தார். இன்று அரூர் அருகே கோபாலபுரத்தில் இருக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு அவர் பெயர்தான். அரைவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அந்த ஆலை வாசலில் வரிசை கட்டும். உழவர்களே பங்குதாரர்களாக உள்ள ஆலை, விடுதலைக்கு உயிரைக் கொடுத்தவரின் பெயர். அடிமைகளின் முதுகில் வளர்ந்த பயிர் கடந்துவந்த தூரத்தை இதைவிட நன்றாக எந்தப் பாடநூலும் சொல்லாது.

இதைத் தமிழில் படிக்க முடியுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். முடியும். நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதங்களை ஓ.வி. அளகேசன் 'உலக சரித்திரம்' என்று தமிழில் தந்திருக்கிறார். வெ. சாமிநாத சர்மா கிரேக்கம், சீனா, பாலஸ்தீனம் என்று நாடு நாடாகத் தமிழருக்கு அறிமுகம் செய்தார். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தவர், ஜப்பானியர் குண்டு போட்ட பிறகு 1942-இல் நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரைத் தன் காலால் அளந்த மனிதர் எழுதிய வரலாறு தமிழில் இருக்கிறது. அதை நூலகத்தில் தூசியோடு விட்டுவிடக்கூடாது.

சொந்த ஊரிலிருந்து உலகத்தைப் பார்க்கச் சொல்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாம் எங்களிடமிருந்தே போனது என்று மார்தட்டக் கிளம்புவோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நடுகல் வீரனைத் தன் சாதிக்காரனாக்கிக் கொடி கட்டுகிறவர்களும் உண்டு. பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது வரலாறாகாது. கரும்பின் கதையை முழுசாகக் கேட்ட பிள்ளை அப்படிச் செய்யாது. கரும்பு கொண்டுவந்த மூதாதையரின் கீர்த்தியும், கரீபியத் தீவில் கசையடி பட்ட முகமறியாத பெண்ணின் வேதனையும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்று அதற்குத் தெரியும். தன் மக்கள் பட்டதை அறிந்தவன் மற்றவர் பட்டதையும் அறிய வேண்டும். அந்தப் பழக்கத்தை உலக வரலாறு போல வேறெந்தப் பாடமும் தருவதில்லை.

1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. தருமபுரி அரசு கலைக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அன்றிலிருந்து 'பின்தங்கிய மாவட்டம்' என்ற பெயரைக் கேட்டுக் கேட்டே இங்கே தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பெங்களூரின் ஏதோ ஓர் அலுவலகத்தில் தயங்கி நிற்கிற பிள்ளைக்கு நான் கொடுக்கக்கூடியது இதுதான்: உலகத்தின் பெரிய வழிகள் உன் ஊரைத் தொட்டே போயின, அந்த வழிகளில் உன்னைப் போன்ற எளியவர்கள்தான் சுமை தூக்கினார்கள், அவர்களே நிமிர்ந்து எழுந்து அவற்றை மாற்றவும் செய்தார்கள். இது தெரிந்தவர் யாருக்கு முன்னும் கூனிக் குறுக மாட்டார், யாரையும் கீழாகப் பார்க்கவும் மாட்டார். அதைப் படித்து என்ன ஆவாய் என்று கேட்கிற பெற்றோருக்கும் உறவினருக்கும் என் பதில், உங்கள் பிள்ளை எந்த வேலைக்குப் போனாலும் இந்த நிமிர்வோடும் இந்தப் பரிவோடும் போகும் என்பதுதான். அதற்காக மூன்று வருஷம் கொடுப்பது தகும்.