ஹார்லமின் தேவதைக்கு ஒரு ராக் பாட்டு

'ஏஞ்சல் ஆஃப் ஹார்லம்' என்பது அயர்லாந்தின் யு2 குழு, ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேக்குச் செலுத்திய அஞ்சலிப் பாட்டு. 1988 அக்டோபரில் வெளிவந்த 'ராட்டில் அண்ட் ஹம்' தொகுப்பில் இடம்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் தனி இசைத்தட்டாகவும் வந்தது. தயாரித்தவர் ஜிம்மி அயோவின். நான்கு நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் இந்தப் பாட்டைக் கேட்பவர்கள் மெட்டின் உற்சாகத்தோடு போய்விடுவார்கள். பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு அதில் வேறொன்றும் கிடைக்கும்: தன் கைக்கு எட்டாத இசையில் வாழ்ந்த ஒருவரைத் தன் இசையில் எப்படிப் போற்றுவது என்ற கேள்விக்கு நேர்மையான ஒரு விடை.

இந்தக் கேள்வியில் சறுக்கிய பாட்டுகள் ஏராளம். அந்தப் பாடகரின் புகழ்பெற்ற பாட்டையே எடுத்துத் திரும்பப் பாடுவது ஒரு வழி. ஒப்பீட்டைத் தானாகவே வரவழைத்துக்கொள்ளும் வழி அது. மூலத்தின் நடையைப் பயின்று அதே பாணியில் வாசிப்பது இன்னொன்று. ஸ்டீலி டான் குழு 1974-ல் ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் பழைய வாத்திய இசை ஒன்றை எடுத்து, டிரம்பெட்டும் டிராம்போனும் வாசித்த பகுதிகளைக் கிடார்களில் வாசித்துப் பதிந்தது. அசாத்திய உழைப்பு. ஆனால் வாத்திய இசைக்குச் செல்லுபடியாகும் இந்த உத்தி பாடகர் விஷயத்தில் எடுபடாது. கருவியின் நாதத்தை இன்னொரு கருவியில் கொண்டுவர முடியும். குரலை இன்னொரு குரலில் கொண்டுவரப் பார்த்தால் அது மிமிக்ரியில்தான் முடியும். எலிங்டன் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1976-ல் ஸ்டீவி வொண்டர் செய்த 'சர் டியூக்' வேறு வகை: ஜாஸ் பாணிக்குள் நுழையாமல், தன் சொந்தத் துள்ளலில் முன்னோர்களின் பெயர்களைச் சொல்லிக் கொண்டாடிய பாட்டு. யு2 நடந்த பாதை இதற்கு அருகில் வருகிறது.

பில்லி ஹாலிடேயைப் போலப் பாட முயல்வது ஏன் வீண் என்று புரிய, அவர் பாட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 1915-ல் பிலடெல்ஃபியாவில் பிறந்து, பால்டிமோரில் வளர்ந்து, பதின்பருவத்தில் நியூயார்க்கின் ஹார்லமுக்கு வந்தவர் அவர். 1933-ல் அங்கே ஒரு கிளப்பில் அவர் பாடக் கேட்ட இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட், அந்த ஆண்டு நவம்பரிலேயே கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனுடன் அவருடைய முதல் பதிவுக்கு வழிசெய்தார். குரலின் வீச்சு சிறியது. ஒரு ஸ்தாயியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தைப் போல அரங்கை நிரப்பும் பெருங்குரலும் இல்லை. மைக் வந்த பிறகுதான் அப்படிப்பட்ட குரல் ஒரு பாடகிக்குப் போதுமானதாயிற்று.

1935 முதல் பியானோக் கலைஞர் டெடி வில்சனின் குழுவோடு பதிந்த பாட்டுகளில் அவருடைய கைவண்ணம் முழுதாகத் தெரிகிறது. பெரும்பாலும் அன்றாடச் சந்தைக்கு எழுதப்பட்ட சாதாரணப் பாட்டுகள். மூன்று நிமிடம் கொள்ளும் 78 சுழற்சித் தட்டு. மெட்டில் மேலும் கீழும் ஏறி இறங்கும் இடங்களை அவர் சமன்படுத்திவிடுவார். ஐந்து சுரம் வேண்டிய இடத்தில் இரண்டே சுரத்தை வைத்துக்கொண்டு, சொற்கள் விழும் நேரத்தை மாற்றுவார். குழு தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். அவர் ஒரு நொடியின் சிறு பகுதி பின்தங்கி வருவார். பிறகு வரியின் கடைசியில் வேகம் கூட்டாமலே வந்து சேர்ந்துவிடுவார். கர்நாடக இசையில் அனாகத எடுப்பு என்றால் தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்கும். ஆனால் அது கணக்கிட்டு நிறுத்தப்பட்ட இடம், ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் அங்கேயே வரும். ஹாலிடேயின் தாமதத்துக்கு நிலையான இடம் கிடையாது. ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளில் அது இரண்டு விதமாக விழும். இதைச் சுரக்குறிப்பில் எழுதி வைத்துப் பயில முடியாது. எழுதினாலும் வெறும் பிசகாகத்தான் தெரியும்.

அந்தத் தாமதம் தனியாக நிற்பதும் இல்லை. 1937-ல் லெஸ்டர் யங்கின் டெனர் சாக்ஸபோன் சேர்ந்த பதிவுகளைக் கேட்டால், குரலுக்குக் கீழே இன்னொரு குரல் ஓடுவது தெரியும். யங் அவர் வரிகளுக்கு இடையில் மட்டும் வாசிப்பதில்லை. பாடும்போதே தாழ்ந்த ஒலியில் உடன் நடக்கிறார். ஹாலிடேக்கு 'லேடி டே' என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. பதிலுக்கு ஹாலிடே அவருக்கு வைத்த பெயர் 'பிரெஸ்'. இவ்வளவு இளக்கமான தாளக்கட்டுக்குள்தான் அந்தக் குரலுக்கு மூச்சு இருந்தது. ராக் குழுவின் டிரம்ஸ் அப்படிப்பட்டதல்ல. இரண்டாவது நான்காவது தட்டுகளில் ஸ்னேர் அறைந்து விழ, அதன் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கும். யு2-வின் டிரம்மர் லாரி முல்லனின் வாசிப்பு இந்த உறுதியாலேயே பேர்பெற்றது. அதன் மீது ஒருவர் ஹாலிடேயைப் போலப் பின்தங்கிப் பாடினால், தாளம் தெரியாதவர் பாடுவதாகவே கேட்கும்.

யு2 செய்த முக்கியமான முடிவு, அவரைப் போலப் பாடாமல் அவரைக் கேட்டவனாகப் பாடியது. பாட்டின் கதைசொல்லி டிசம்பர் குளிரில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் வந்திறங்கும் ஓர் அந்நியன். ஊருக்குள் போகும் வழியில் வானொலியில் ஒரு குரல் வருகிறது. யு2 முதன்முதலில் அமெரிக்காவுக்குப் போனதும் ஒரு டிசம்பரில்தான். 1980 டிசம்பர் 6 அன்று நியூயார்க்கின் ரிட்ஸ் கிளப்பில் அவர்களுடைய முதல் அமெரிக்க நிகழ்ச்சி நடந்தது. பாட்டில் குறிப்பிடப்படும் டபிள்யூபிஎல்எஸ் நிலையமும் பொறுக்கி எடுத்த பெயர். அன்று கறுப்பினத்தவருக்குச் சொந்தமாக இருந்த, ஹார்லமின் அரசியல் தலைவர் பெர்சி சட்டன் உடனிருந்து உருவாக்கிய நிறுவனத்தின் வானொலி அது. ஆக, கேட்பவன் வெளியூர்க்காரன், குரல் வருவது அந்த ஊரின் சொந்த அலைவரிசையில். பாடகருக்கும் போற்றப்படுபவருக்கும் உள்ள தூரம் முதல் சரணத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அதை மறைக்காததாலேயே அடுத்து வரும் பரவசத்தை நம்ப முடிகிறது.

இரண்டாவது சரணத்தில் இடப்பெயர்களும் ஆட்பெயர்களும் அடுக்கப்படுகின்றன: பேர்ட்லேண்ட் கிளப், ஜான் கோல்ட்ரேன், மைல்ஸ் டேவிஸ். வரலாற்றுக் கணக்கில் இவற்றைப் பொருத்த முடியாது. பேர்ட்லேண்ட் திறந்தது 1949 டிசம்பரில். அதற்கு முன்பே, 1947-ல் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போன ஹாலிடேயின் கேபரே அட்டையை நகர நிர்வாகம் பறித்துவிட்டது. அன்றைய விதிப்படி, அந்த அட்டை இல்லாதவர் மது விற்கும் எந்த நியூயார்க் கிளப்பிலும் வேலை பார்க்கக் கூடாது. 1948-ல் கார்னகி அரங்கில் பாடிக் கைதட்டல் வாங்கியவருக்கு, பக்கத்துத் தெருவின் சிறிய கிளப்பில் மேடையேற உரிமை இல்லை. பாட்டு சொல்லும் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' பதிவானது 1964 டிசம்பரில். ஹாலிடே இறந்து அப்போது ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இதைப் பிழை என்று ஒதுக்கினால் பாட்டெழுதும் வேலையைப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். காரில் போகும் ஓர் இளைஞனுக்கு நியூயார்க் ஜாஸ் ஆண்டுவரிசையில் வருவதில்லை, தெருவரிசையில் வருகிறது. மைல்ஸ் டேவிஸின் பெயர் வேறொரு விதத்திலும் இங்கே கனக்கிறது. ஹாலிடே இறந்த அடுத்த மாதம், 1959 ஆகஸ்டில், அதே பேர்ட்லேண்டின் வாசலில் காற்று வாங்க நின்ற மைல்ஸை நியூயார்க் போலீஸ் தலையில் அடித்துக் கைது செய்தது. பாட்டு இதைச் சொல்வதில்லை. தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதே போதும்.

ஹார்லமைப் பற்றிய இந்தப் பாட்டு பதிவானது நியூயார்க்கில் அல்ல. டென்னஸியின் மெம்ஃபிஸ் நகரில், யூனியன் அவென்யூ 706 என்ற முகவரியில் உள்ள சன் ஸ்டூடியோவில். 'ஜோஷுவா ட்ரீ' சுற்றுப்பயணத்தின் இடையே, 1987-ன் கடைசியில், குழு அங்கே போனது. தயாரிப்பாளர் சாம் ஃபிலிப்ஸ் 1950-ல் தொடங்கிய இடம் அது. 1954-ல் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் சன் இசைத்தட்டு பதிவானதும் அங்கேதான். பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, மீண்டும் ஸ்டூடியோவாகத் திறந்திருந்த நேரம். ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்தவர் 'கௌபாய்' ஜாக் கிளெமென்ட். 1950-களில் சாம் ஃபிலிப்ஸிடம் அதே கட்டடத்தில் வேலை பார்த்தவர்.

இந்த இடத்தேர்வு வெறும் பக்தியல்ல. ஒலியை மாற்றிய முடிவு. அதற்கு முந்தைய யு2 பதிவுகளில் குழு உறுப்பினர் எட்ஜின் கிடார் எதிரொலிக் கருவியின் வழியே பெருகி, பெரிய வெளியில் ஒலிப்பதுபோல இருக்கும். சன் ஒரு சிறிய அறை. சுவரிலும் கூரையிலும் ஒலியடக்கும் ஓடுகள். எல்லோரும் ஒன்றாக நின்று வாசிக்கும் இப்படியொரு அறையில் டிரம்ஸின் ஒலி பாடகரின் மைக்கில் கசியும். டிரம்பெட் டிரம்ஸின் மைக்கில் விழும். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துத் திருத்துவது கஷ்டம். ஒருவர் தவறினால் எல்லோருமே மறுபடி வாசிக்க வேண்டும். இந்தக் கட்டாயம்தான் வாசிப்பவர்களை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கவைக்கிறது. ஹாலிடே 1930-களில் பாடிய அறைகளின் சட்டமும் இதுதான். அவருடைய பாணியைத் தொடாத இந்தப் பதிவு, அவர் பாடிய சூழலின் ஒரு நிபந்தனையை இப்படி ஏற்றுக்கொண்டது. தொகுப்பின் பெயரிலேயே ஃபில் ஜோவானு இயக்கிய 'ராட்டில் அண்ட் ஹம்' ஆவணப்படத்தில் இந்தப் பதிவின் காட்சிகள் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன.

பாட்டின் உயிர்நாடி மெம்ஃபிஸ் ஹார்ன்ஸ்: டிரம்பெட்டில் வெய்ன் ஜாக்சன், டெனர் சாக்ஸபோனில் ஆண்ட்ரூ லவ். அதே நகரின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் பதிவுகளுக்கு வாசித்தவர்கள். ஜாஸ் பாடகிக்கான பாட்டில் ஜாஸ் வாசிப்பவர்களை அழைக்காமல் சோல் இசைக்காரர்களை அழைத்தது கூர்ந்து கவனிக்க வேண்டிய விஷயம். லெஸ்டர் யங் குரலோடு பேசுவார். சோல் இசையின் ஊதுகருவிகள் குரலுக்கு வழிவிட்டு நிற்கும். பாடகர் வரியை முடித்ததும் இருவரும் சேர்ந்து, ஒரே மூச்சில், குட்டையான ஒரு சொற்றொடரை அடித்துவிட்டு விலகுவார்கள். 'ஏஞ்சல் ஆஃப் ஹார்லம்' பல்லவியில் கதைசொல்லியின் ஒவ்வொரு விளிக்கும் அந்தப் பித்தளைப் பதில் வந்து விழுகிறது. அடியில் ஆர்கன் இடைவெளியை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. இந்த ஏற்பாடு ராக் டிரம்ஸோடு இயல்பாகப் பொருந்தும், ஏனென்றால் இரண்டாவது நான்காவது தட்டுகளை அழுத்தும் பேக்பீட்டில் சோலும் ராக்கும் நெருங்கிய உறவு. அங்கே ஜாஸ் ஊதுகருவிக்காரர் ஒருவரை நிறுத்தியிருந்தால், அவர் அந்தத் தாளக்கட்டுக்குள் அடைபட்டு அலங்காரப் பொருளாக ஆகியிருப்பார்.

குழுவின் பாடகர் போனோ பாடும் விதத்திலும் இந்தத் தெளிவு இருக்கிறது. தொண்டையைத் திறந்து, தாளத்தின் முன்விளிம்பில் நின்று, மகிழ்ச்சியாகக் கத்துகிறார். மெட்டு மேஜர் சுரவரிசையில், எளிய சில கார்டுகளுக்குள் சுழல்கிறது. துயரத்தின் அடையாளமாகவே மாறிப்போன பாடகிக்கு இப்படி ஒரு கொண்டாட்டமா என்று கேட்கலாம். ஆம், அதுதான் சரி. ஹாலிடேயின் கடைசி ஆண்டுகள் எல்லோருக்கும் தெரிந்தவை: 1958-ல் 'லேடி இன் சாட்டின்' பதிவில் சிதைந்து ஒலித்த குரல், 1959-ல் மெட்ரோபாலிடன் மருத்துவமனைப் படுக்கையிலேயே கைது, வாசலில் போலீஸ் காவல், ஜூலை 17 அன்று 44 வயதில் மரணம். இவற்றை வைத்து அழவைப்பது எளிது. அஞ்சலி என்ற பெயரில் அப்படிச் செய்தவர்கள் அவருடைய பாட்டை மறக்கடித்து, வழக்கையும் ஊசியையும் நினைவில் நிறுத்தினார்கள். யு2-வின் பாட்டு அந்த அழிவை நடுவில் ஓரிரு வரியில் தொட்டுவிட்டு, மறுபடி பல்லவிக்கு வந்துவிடுகிறது. 1935-ல் பதிந்த ஹாலிடே சிரித்துக்கொண்டே பாடியவர் என்பதை நினைவுவைத்திருக்கும் பாட்டு இது.

'ராட்டில் அண்ட் ஹம்' வெளியானபோது விமர்சகர்கள் பலர் கடுமையாகத் தாக்கினார்கள். அமெரிக்க இசையின் மேதைகளுக்குப் பக்கத்தில் தங்களை நிறுத்திக்கொள்ளும் இறுமாப்பு என்பது குற்றச்சாட்டு. தொகுப்பின் சில பாட்டுகளுக்கு அது பொருந்தும். இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் இங்கே கதைசொல்லி எந்த மேடையிலும் ஏறுவதில்லை. வண்டியில் உட்கார்ந்து வானொலி கேட்கிறான். கேட்பவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: பிரிட்டனில் 9-ஆம் இடம், அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 14-ஆம் இடம்.

1992, 93-ல் நடந்த 'ஜூ டிவி' சுற்றுப்பயணத்தில் தொலைக்காட்சித் திரைகள் சூழ்ந்த பிரம்மாண்ட மேடையை விட்டு, கூட்டத்தின் நடுவில் இருந்த சிறு மேடைக்கு வந்து குழு இதை வாசித்தது. ஊதுகருவிகள் இல்லை, அகூஸ்டிக் கிடாரோடு எளிமையாக.