ஓடிபி கேட்காத ஊர்

கோடைக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாக்கள் வந்திறங்கும் பருவம் இது. நியூ ஜெர்சியில், எடிசன் ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடைகளில் இந்த வாரம் அவர்களை நிறையப் பார்க்கலாம். பில் போடும் இடத்தில் பிள்ளைகள் கார்டைத் தொட்டுவிட்டு நகர்வார்கள். பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது, பெரும்பாலும் கையெழுத்துகூடக் கிடையாது. உணவகத்தில் பரிமாறுகிறவர் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும்போது பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். தொலைந்தால் என்ன கதி என்பது நியாயமான கேள்விதான். இங்கே திருடர்கள் இல்லை என்று சமாளிக்க முடியாது. இதே மாநிலத்தின் பிரின்ஸ்டனில் தலைமையகம் வைத்திருந்த ஹார்ட்லேண்ட் என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தில் கோடிக்கணக்கான கார்டு எண்கள் களவுபோனது 2009 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. அந்த வழக்கின் குற்றப்பத்திரிகை சொன்ன எண்ணிக்கை சுமார் 13 கோடி.

காவல் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. கார்டைத் தொட்டதும் ஒரு செய்தி கடையின் வங்கிக்கும், அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு வலைப்பின்னலுக்கும், கடைசியில் கார்டு கொடுத்த வங்கிக்கும் போய்த் திரும்புகிறது. அந்த ஓரிரு நொடிக்குள் ஒரு நிரல் மதிப்பெண் போட்டுவிடுகிறது. எந்தக் கடை, எந்த ஊர், எந்த நேரம், இந்தக் கார்டின் வழக்கம் என்ன, சற்றுமுன் பெட்ரோல் பம்பில் ஒரு டாலருக்குச் சோதித்துப் பார்த்தார்களா என்றெல்லாம் பார்க்கிறது. விசா தன் நிரல் 500 கூறுகள் வரை சுமார் ஒரு மில்லிசெகண்டில் அலசுவதாகச் சொல்கிறது. இது நேற்று முளைத்த செயற்கை நுண்ணறிவு அல்ல. சான் டியேகோவின் எச்என்சி நிறுவனம் நரம்பு வலைப்பின்னலை வைத்து ‘ஃபால்கன்’ என்ற மோசடி கண்டறியும் மென்பொருளைக் கொண்டுவந்தது 1992-ல்.

வங்கிகளுக்கு இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து. 1958-ல் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் கேட்காதவர்களுக்கெல்லாம் தபாலில் கார்டு அனுப்பியது. சுமார் 60,000 கார்டுகள். அந்த பாங்க்அமெரிகார்டுதான் பிறகு விசா ஆனது. மற்ற வங்கிகளும் அதே வழியில் இறங்க, தபால் பெட்டியிலிருந்தே கார்டுகள் திருடுபோயின. 1970-ல் அமெரிக்க காங்கிரஸ் இரண்டு காரியம் செய்தது. கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. கிரெடிட் கார்டைத் திருடன் எவ்வளவு தேய்த்தாலும் உரியவர் தலையில் விழுவது அதிகபட்சம் 50 டாலர். விலைவாசி எத்தனை மடங்கு ஏறியும் அந்த 50 அப்படியே நிற்கிறது. பல வங்கிகள் அதையும் கேட்பதில்லை. டெபிட் கார்டுக்குத் தனி விதி உண்டு. அதன் அதிகாரபூர்வ விளக்கத்தில் ஓர் இடம் நம்மவர்களைத் திடுக்கிட வைக்கும்: பின் நம்பரைக் கார்டின் மேலேயே எழுதி வைத்திருந்தாலும், அந்த அசட்டையைக் காரணம் காட்டி வாடிக்கையாளரின் பொறுப்பை வங்கி கூட்ட முடியாது. தாமதத்துக்கு மட்டுமே தண்டனை: இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50 டாலர், தாண்டினால் 500 வரை, கணக்கு அறிக்கை வந்து 60 நாள் கடந்தும் சும்மா இருந்தால் அதன்பின் போவதெல்லாம் உங்கள் நஷ்டம்.

நஷ்டம் யாருடையதோ அவர்தான் விழித்திருக்கிறார் என்பதற்கு சிப் கார்டின் கதையே போதும். ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்காகப் புழங்கியும் அமெரிக்கா அதைச் சீண்டவில்லை. போலிக் கார்டால் வரும் நஷ்டம், சிப்புக்கு மாறாதவர் தலையில் என்று கார்டு நிறுவனங்கள் 2015 அக்டோபர் 1-ஐக் கெடுவாக வைத்த பிறகே கடைகள் இயந்திரங்களை மாற்றின. பெட்ரோல் பம்புகளுக்கு மட்டும் கெடு 2021 ஏப்ரல் வரை தள்ளிப்போனது. திருடர்கள் என்ன முட்டாள்களா? பம்புகளில் கார்டு விவரத்தை நகலெடுக்கும் ஸ்கிம்மர் கருவியைப் பொருத்தினார்கள். டெக்சாஸ் இதற்கென்றே டைலர் நகரில் ஒரு நிதிக்குற்றப் புலனாய்வு மையம் அமைக்க வேண்டியிருந்தது.

நம் ஊர் இதில் பின்தங்கியதல்ல. எனக்குப் பெருமையே உண்டு. இணையத்தில் கார்டுக்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலேயே கொண்டுவந்தது. கார்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு திருடுபவனை அது மடக்கியது. அதே கார்டை வெளிநாட்டு இணையக் கடையில் போட்டால் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடுவது தனிக் கதை. என் எரிச்சல், ஓடிபி பூட்டாக இருப்பதோடு வங்கியின் சாக்காகவும் ஆகிவிட்டதில். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, ரகசிய விவரத்தைப் பகிர்ந்த வாடிக்கையாளர், புகார் தரும்வரை போன பணம் முழுவதையும் தானே ஏற்க வேண்டும். போனில் மிரட்டி ஓடிபி வாங்கப்பட்ட ஓய்வூதியரும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறார். மக்களைக் காப்பாற்றிவிட்டால் கவனம் போய்விடும் என்பார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேலாக இங்கே அமெரிக்காவில் கார்டைத் தெருவில் யாரும் எறிந்துவிடவில்லை. செலவு எங்கோ ஒளிந்திருக்கிறது என்பார்கள், அது உண்மை. கடைக்காரர் கட்டும் கார்டுக் கட்டணம் சரக்கு விலையில் ஏறுகிறது, ரொக்கம் கொடுக்கும் ஏழையும் அதைச் சுமக்கிறார். புதிதாக வந்திறங்கியவரின் நேர்மையான செலவையும் இயந்திரம் சந்தேகித்து மறுப்பதுண்டு. அப்படியும் ஒருவரின் சேமிப்பு மொத்தமாகப் போவதைவிட எல்லோரும் கொஞ்சம் கொடுப்பது மேல் என்பேன்.

அமெரிக்க வங்கிகள் தர்மவான்கள் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏமாற்றப்பட்டு வாடிக்கையாளரே தன் கையால் அனுப்பிய பணத்துக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு எட்டுவதில்லை. பெரிய வங்கிகளே சேர்ந்து நடத்தும் ‘ஸெல்’ என்ற பணம் அனுப்பும் சேவையில் அதனால்தான் மோசடி கொழித்தது. மோசடியைத் தடுக்கத் தவறியதாக, நடத்தும் நிறுவனத்தின் மீதும் மூன்று வங்கிகளின் மீதும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் 2024 டிசம்பரில் வழக்குப் போட்டது. ஆட்சி மாறியதும் 2025 மார்ச்சில் கைவிட்டது. கார்டுக்குக் கண்கொத்திப் பாம்பாக விழித்திருந்த அதே வங்கிகள்தான் இவை. ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒன்று: உங்கள் தவறில்லாமல் பணம் போனால், வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுங்கள், அதற்கு எண் வாங்கி வையுங்கள். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு என்றும் அதே 2017 சுற்றறிக்கையில் எழுதியிருக்கிறது.