அந்த வாரத்துக் கிரயம்

கும்பகோணம் பக்கத்தில் பாத்திரக்கடை நடத்தியவர் அவர். கடைவீதியில் தாமே சம்பாதித்து வாங்கிய மனையைச் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டார். பூர்வீகச் சொத்தாக இருந்தால் பிள்ளைகள் பாகம் கேட்டிருக்கலாம். அந்த வழியும் இல்லை. பத்திரத்திலும் குறை சொல்ல இடமில்லை. சார்பதிவாளர் முன்னால் உற்சாகமாகப் பேசி, ரேகை வைத்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார். வந்த பணம் கிளைக்கடைகளுக்கு முன்பணமாகவும், கேட்டவர்களுக்கெல்லாம் நன்கொடையாகவும் கரைந்தது. அடுத்த மாதம் அவர் படுக்கையை விட்டு எழ முடியாமல் முடங்கிய பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது.

அவர் மனைவி வக்கீலான என்னிடம் முதலில் சொன்னது: "சார், அவரைப் பைத்தியம்னு மட்டும் எழுதிடாதீங்க. பொண்ணுக்கு வரன் வந்துட்டிருக்கு."

எழுத வேண்டியதே இல்லை என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பெரும்பாலும் தெளிவாக இருந்து, எப்போதாவது தெளிவு தவறுகிறவர், தவறியிருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்ய முடியாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. மனநலக் காப்பகத்தில் இருப்பவர்கூடத் தெளிந்திருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அங்கேயே ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பைபோலார் எனும் இருதுருவ மனநோய்க்கு இதைவிடப் பொருந்தும் பிரிவை நான் பார்த்ததில்லை.

அந்த நோய் வந்து வந்து போவது. எழுச்சியில் இரண்டு மூன்று மணி நேரத் தூக்கமே போதும், களைப்பு தெரியாது, பேச்சு நிற்காது, கையில் காசு தங்காது. பிறகு சோர்வு. இடையில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட எல்லோரையும் போல இருப்பார்கள். சோர்வுக்குத்தான் வைத்தியம் தேடுகிறோம். எழுச்சியைச் சுறுசுறுப்பு என்று நினைத்து மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை. இவர் வீட்டிலும் முதலில் அதுதான் நடந்தது. முன்பு சோர்ந்து கிடந்தபோது, மனநோய் தீரும் என்று நம்பிக் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்குப் பிணக்கில்லை, அது அவர்களைத் தாங்கியது. பிறகு சோர்வுக்கு மட்டும் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். எழுச்சி வருகிறவர்களுக்கு அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலரை மறுபடி எழுச்சிக்குத் தள்ளிவிடலாம் என்று மனநல மருத்துவர் பின்னால் சாட்சியத்தில் விளக்கினார்.

சித்த சுவாதீனம் இல்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதுவும் கையெழுத்திட்ட அந்த நாளுக்கு. பதிவுக்கு நான்கு நாள் முன்பு அவரை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். உள்நோயாளியாகச் சேரச் சொன்ன மருத்துவரிடம் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார். அங்கே எழுதித் தந்த சீட்டை, வரன் வீட்டார் கண்ணில் படக் கூடாதென்று மைத்துனர் கொளுத்திவிட்டார். வழக்கின் உயிரே அதில்தான் இருந்தது. நல்லவேளையாக, தம் மருத்துவப் பதிவேடுகளைப் பெறும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தந்திருக்கிறது. அவரே விண்ணப்பித்துப் பெற்றார். தூக்கமின்மை, ஓயாத பேச்சு, ஊர்தோறும் கடை திறக்கும் திட்டம், 'எனக்கு நோயே இல்லை' என்ற பிடிவாதம் எல்லாம் தேதியோடு பதிவாகியிருந்தன.

எதிர்த்தரப்பு வக்கீல் அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவைக் காட்டினார். மனநோய் உண்டு என்பதால் மட்டும் ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவராகக் கொள்ளக் கூடாது. சரியான வாதம். நாளைக்கு இவர் கடன் வாங்கவும் கடை நடத்தவும் அந்தப் பிரிவுதான் காவல். அதை நானே பலவீனப்படுத்த மாட்டேன். ஆகவே நோயின் பெயரை விட்டுவிட்டு, அந்த ஒரு வாரத்தை மட்டும் வைத்து வாதாடினோம்.

குறுக்கு விசாரணையில், "பத்திரத்தைப் படித்துப் புரிந்துகொண்டுதானே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேட்டார்கள்.

"ஆமா சார். நானே வாசிச்சேன். புரிஞ்சுது."

எதிர்த்தரப்பு அத்தோடு உட்கார்ந்துவிட்டது. ஆனால் 12-ஆவது பிரிவு இரண்டு கேட்கிறது: ஒப்பந்தம் புரிய வேண்டும், அது தன் நலனை என்ன செய்யும் என்று நிதானித்து முடிவெடுக்கவும் முடிய வேண்டும். எழுச்சியில் கணக்கு மறப்பதில்லை, எழுத்தும் மறப்பதில்லை. தனக்கும் நஷ்டம் வரும் என்பதைத்தான் அந்த மனம் ஏற்காது. மருத்துவர் இதைச் சொன்னபோது நீதிபதி நிறுத்தி, மறுபடி சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். கிரயம் செல்லாது என்று தீர்ப்பானது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாகப் பிராதிலேயே சொல்லியிருந்தோம். வட்டியோடு கொடுக்க உத்தரவானது.

இப்போது லித்தியம் சாப்பிடுகிறார். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுச்சிக்குப் பயன்படும் என்று எழுதிய அதே மலிவான உப்பு. ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தானாக நிறுத்திவிடக் கூடாது.

தீர்ப்புக்குப் பிறகு அவரே ஒருநாள் வந்து கேட்டார்: "சார், மறுபடி வந்தா என்ன பண்ணணும்னு இப்பவே எழுதி வைக்க முடியுமா?" மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு அதற்கு வழி செய்திருக்கிறது. எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி, மனைவியைத் தம் பிரதிநிதியாக நியமித்தார். சொத்து விவகாரம் அந்தத் தாளில் அடங்காது என்றேன். கடைக் கணக்கை இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று வங்கியில் தனியாக மாற்றிக்கொண்டோம்.