ஹேவாஹெட்ட வீடுகள் சொல்லும் பாடம்



மேலே படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் தலையை நிமிர்த்தி உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பூசாமல் விட்ட ஒரு சுவர், மழை வந்தால் வாளி வைக்க வேண்டிய ஒரு மூலை, "மகளின் கலியாணம் முடியட்டும்" என்று தள்ளி வைத்த குளியலறை என்று ஏதாவது ஒன்று கண்ணில் படத்தான் செய்யும். விருந்தாளி வந்தால் அதை மறைத்து நிற்கப் பழகியிருப்போம். நாளடைவில் நம் கண்ணுக்கும் அது தெரியாமல் போய்விடும்.

அப்படித் தள்ளி வைத்த ஒரு சுவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தச் சுவர் என் சாச்சியின் வீட்டில், ஹேவாஹெட்டயில் இருக்கிறது. இருக்கிறது என்பதை விட, இருந்திருக்க வேண்டியது என்பதே சரி.

மலை ஏறும் பாதை

கண்டியில் பஸ் ஏறி, தலாத்துஓயாவைத் தாண்டிவிட்டால் பாதை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு. வயலும் மிளகுக் கொடியும் கறுவாவும் பின்தங்கி, தேயிலை பச்சை விரிப்பாக எழும்பி வரும். நிர்வாகக் கணக்கில் ஹேவாஹெட்ட நுவரெலியா மாவட்டத்தில் இருந்தாலும், அங்குள்ளவர்களுக்குச் சந்தையும் ஆஸ்பத்திரியும் பெருநாள் உடுப்பும் கண்டியில்தான்.

கண்டி மன்னர் காலத்தில் இது ஒரு பெரிய பிரிவின் பெயர். மேல் ஹேவாஹெட்ட, கீழ் ஹேவாஹெட்ட என்று அதை வகுத்திருந்தார்கள். 1664ல் தமக்கெதிராகக் கலகம் மூண்டபோது இரண்டாம் இராஜசிங்க மன்னர் வந்து தங்கிய ஹங்குரன்கெத்த பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்த அரண்மனையை 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் அழித்துவிட்டார்கள்.

அதே மன்னரிடம் ஏறக்குறைய இருபது வருடம் கைதியாக இருந்தவர் ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். 1679ல் தப்பிப்போய், 1681ல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அக்காலச் சாதாரண மக்களின் வீடுகளைப் பற்றி அவர் எழுதியிருப்பது நம்மைத் திகைக்க வைக்கிறது. குச்சி நட்டு, களிமண் அப்பி, புல் வேய்ந்த சிறு குடிசைகள். ஒரு தட்டுக்கு மேல் கட்ட அனுமதி இல்லை. ஓடு போடக் கூடாது. சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடிக்கவும் கூடாது. கையில் காசிருந்தாலும் வீட்டைத் திருத்த உரிமை இல்லாமல் இந்த மலைகளில் ஒரு காலம் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள்!

துரை வீடும் லயமும்

அந்தக் காலம் போய்விட்டது என்று நாம் பெருமூச்சு விடலாமா? இந்த மலைத் தொடரில்தான் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1852ல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867ல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வணிகத்துக்காகப் பயிரிட்ட முதல் தேயிலை அதுதான். இரண்டு வருடத்தில், 1869ல், கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டது. கோப்பி அழிந்தது, தேயிலை நாடெங்கும் பரவியது. டெய்லர் குடியிருந்த மரவீடு இன்று இல்லை. அதன் அடுப்புப் புகைபோக்கி மட்டும் கல்லாக நிற்கிறது. பயணிகள் போய்ப் படம் எடுக்கிறார்கள்.

மன்னரின் அரண்மனை போய்விட்டது, துரையின் வீடும் போய்விட்டது. ஆனால் கூலிகள் என்று அழைத்து வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் கட்டிக்கொடுத்த லய வீடுகள் இன்னும் நிற்கின்றன. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு, மேலே தகரம். தாய், தகப்பன், கலியாணம் முடித்த மகன், பருவமடைந்த மகள், எல்லாரும் அதற்குள்தான். உடுப்பு மாற்ற ஒரு மறைவு இல்லாமல் ஒரு பெண் பிள்ளை வளர்வதை நினைத்துப் பாருங்கள் சகோதரிகளே.

அவர்களும் வீட்டைத் திருத்த ஆசைப்படாமல் இல்லை. ஆனால் லயமும் நிலமும் அவர்களுடையவை அல்ல. 1972லும் 1975லும் தோட்டங்களை அரசாங்கம் சுவீகரித்தது. 1992ல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. கை மாறியதே தவிர காம்பரா குடியிருப்பவர் பெயருக்கு வரவில்லை. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்று இந்திய உதவித் திட்டத்தில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றால் கரையேறிய குடும்பங்கள் உண்டு. இன்னும் லயத்தில் காத்திருக்கும் குடும்பங்கள் அதைவிடப் பல மடங்கு.

ஹேவாஹெட்டயின் முல்லோயா தோட்டத்தில் 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரை இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

சாச்சியின் பிளான்

இனி என் சாச்சியின் வீட்டுக்கு வருவோம். கடையும் வீடுமாக, சாச்சப்பாவின் வாப்பா மண்மேட்டை வெட்டிக் கட்டியது அது. முன்னால் பாதை. குசினிக்குப் பின்னால் ஆறடி தள்ளி, நெட்டுக்குத்தாக வெட்டிய மேடு. 1996ல் ஒரு மேசன் பாஸை அழைத்துப் பிளான் போட்டார்கள். முன் விறாந்தைக்குத் தூண், சாலைக்குத் தரை ஓடு, மாடியில் ஒரு அறை, புகை போக வசதியுள்ள குசினி, கடைசியாகப் பின்மேட்டுக்கு ஒரு தாங்கு சுவரும் அதன் மேல் ஒரு கானும். அந்தத் தாள் அலுமாரியில், காணி உறுதிக்கு அடியில் மடித்து வைத்திருந்தது.

"என்ன மகள் செய்ய, வருஷா வருஷம் ஒண்டு வந்து சேர்ந்திச்சே" என்பார் சாச்சி. உண்மைதான். மூத்த மகளின் கலியாணம். சாச்சப்பாவின் ஒபரேசன். இருவரும் ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வைத்துச் சேர்த்த காசு. 2020ல் கொரோனா வந்து கடை பூட்டிக் கிடந்தது. 2021ல் ஆயிரம் ரூபாயளவில் வாங்கிய சீமெந்து மூட்டை 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தை எட்டியது. இவற்றில் எதைக் குற்றம் சொல்ல முடியும்? வட்டிக்கு எடுக்க மாட்டோம் என்று அவர்கள் உறுதியாக இருந்ததற்கு அல்லாஹ் கூலி கொடுப்பான்.

ஆனால் 2024ல் இளைய மகனின் கலியாணம் வந்தபோது கையில் கொஞ்சம் காசு இருந்தது. பெண் வீட்டார் வருவார்களே! விறாந்தைக்குத் தூண் எழும்பியது, சாலைக்குப் பளபளக்கும் டைல்ஸ் வந்தது. பின்மேடு? "அதை யார் பார்க்கப் போறாங்க, அடுத்த வருஷம் செய்வோம்" என்றார்கள். நானும் அந்தக் கலியாணத்துக்குப் போயிருந்தேன். டைல்ஸைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னேன். பின்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வியாழன் இரவு

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்ததை நாம் மறக்க முடியுமா? 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. 27ஆம் திகதி வியாழன் இரவு, லயத்தின் தகரம் பறந்துவிட்டது என்று ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு நனைந்து வந்து சாச்சியின் கதவைத் தட்டினார். கடையில் சாமான் வாங்கும் பழக்கம். சாச்சி முன்சாலையில் பாய் விரித்து, பிள்ளைகளுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, துணைக்கு அங்கேயே படுத்துக்கொண்டார். வழக்கமாக அவர் படுப்பது குசினியை ஒட்டிய அறையில்.

நடு இரவு தாண்டி, அந்தத் தாய் பாத்திரம் கழுவக் குசினிக்குப் போனார். போனவர் ஓடி வந்தார்: "அம்மா, மேட்டிலேருந்து தண்ணி செம்மண்ணா வருது. வெளியே வாங்க, எல்லாரும் வெளியே வாங்க!" மலைச்சரிவில் பிறந்து வளர்ந்தவர். தெளிவாக வடிந்த நீர் திடீரென்று கலங்கினால் என்ன பொருள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாச்சப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பாதையின் மறுபக்கம் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பஜ்ருக்கு முன் மேடு இறங்கியது. குசினியும் ஒட்டிய அறையும் மண்ணுக்குள் போயின. டைல்ஸ் போட்ட சாலையில் ஒரு கீறலும் இல்லை.

நான் போய்ப் பார்த்தபோது, சாச்சி முன்சாலையில் ஒரு மூலையில் அடுப்பு வைத்திருந்தார். குசினிக் கதவு இரண்டு நாளாக இறுகிப் போயிருந்ததாம். மழை ஈரத்தில் பலகை ஊதிவிட்டது என்று நினைத்தார்களாம். அந்தத் தாயும் அங்கேதான் இருந்தார். "எங்களுக்கு வீடு எப்ப கிடைக்கும்?" என்று கேட்டேன். "லிஸ்டுல பேரு இருக்கு. எங்கப்பா காலத்துல இருந்தே இருக்கு" என்று சொல்லிவிட்டு, சாச்சிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தார்.

தள்ளி வைக்கலாம், ஆனால் எதை?

சகோதரிகளே, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய நம்மில் பெரும்பாலோரால் முடியாது. தள்ளி வைப்பது பாவமும் அல்ல. எதை முன்னே வைக்கிறோம், எதைப் பின்னே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தூணும் டைல்ஸும் இன்னும் பத்து வருடம் பொறுக்கும். உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை பொறுக்காது.

மலைப்பாங்கான இடத்தில் வீடு உள்ளவர்கள் முதலில் தண்ணீருக்கு வழி செய்யுங்கள். கூரைப் பீலியின் நீரை மேட்டின் அடியில் விழ விடாதீர்கள். மேட்டுக்கு மேலே ஒரு கான் வெட்டி மழைநீரை ஓரமாகத் திருப்புங்கள். இதற்குச் சீமெந்தை விட மண்வெட்டிதான் அதிகம் தேவை. தாங்கு சுவர் கட்டினால் நீர் வடியத் துளை விடச் சொல்லுங்கள். துளை இல்லாத சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி, அதன் பாரமே சுவரைத் தள்ளிவிடும். இடம் வேண்டும் என்று மேட்டை இன்னும் நெட்டுக்குத்தாக வெட்டாதீர்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு பெற வேண்டும் என்பதை வீண் அலைச்சலாக நினைக்காதீர்கள்.

சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு, இறுகிப்போகும் கதவு, சாய்ந்து வரும் மரமும் கம்பமும், புதிதாகக் கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் நீர் ஆகியவை மலை பேசும் பாஷை. ஆண்கள் கடைக்கும் வேலைக்கும் போய்விடுவார்கள். பகல் முழுவதும் குசினியில் நிற்கும் நமக்குத்தான் இவை முதலில் தெரியும். தெரிந்தால் "ஈரமாக இருக்கும்" என்று விட்டுவிடாமல் உரக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஒழுகும் கூரை, பழைய மின்கம்பி, வயதானவர்கள் வழுக்கி விழும் குளியலறை. தஹஜ்ஜுத்துக்கு எழும்பும் உம்மும்மா வுளூச் செய்யப் போகும் வழியில் ஒரு விளக்கும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போதுமே. நாங்கள் குடும்பப் பெண்கள் பத்துப் பேர் மாதச் சீட்டு ஒன்று தொடங்கியிருக்கிறோம். முதல் சீட்டு சாச்சியின் பின்சுவருக்கு.

வீடுகளை நிம்மதி தரும் இடமாக ஆக்கியதைத் தன் அருட்கொடையாக அல்லாஹ் சூரத்துந் நஹ்லில் கூறுகிறான். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களும் அவர்களுடைய தாயாரும் தங்கள் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்தார்கள். என்ன செய்கிறீர் என்று கேட்டு, அந்த வேலையை விட மரணம் விரைவானது என்று நினைவூட்டினார்கள். இந்த ஹதீஸைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். வீட்டின் மேல் ஆசை வளர்க்கக் கூடாது என்றுதான் புரிந்துகொண்டிருந்தேன். சாச்சியின் குசினி இருந்த இடத்தில் நின்றபோது இன்னொன்றும் தோன்றியது. நேரம் குறைவு என்று அறிந்தவர்கள் தூணுக்கா முதலில் செலவழிப்பார்கள்?

திரும்பி வரும்போது அலுமாரியிலிருந்து அந்தப் பழைய பிளானை எடுத்துத் தரச் சொன்னேன். கடைசி வரியில் இருந்த தாங்கு சுவருக்குப் பக்கத்தில் சாச்சி தம் கையால் "1" என்று எழுதியிருந்தார்.

உங்கள் வீட்டுப் பட்டியலையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அப்படியே, திருத்த ஆசை இருந்தும் உரிமையில்லாமல் லயத்தில் காத்திருக்கும் நம் அயலவர்களுக்காகவும் கையேந்துங்கள். அவர்களுக்கும் நமக்கும் அல்லாஹ் பாதுகாப்பான வீட்டைத் தந்தருள்வானாக. ஆமீன்.