தூண்டிலுக்கு ஓர் உறை

மனிதனுக்கு வந்து சேருகிற சொத்துக்களில் சில விசித்திரமானவை. அவற்றை விற்க மனம் வராது, உபயோகிக்கவும் தெரியாது, காப்பாற்றத்தான் வேண்டும். எனக்கு வந்த அப்படிப்பட்ட சொத்து, ஒரு தூண்டில் கோல்.

என் தாய்மாமா நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதினார். வெள்ளைக்காரர்களுக்கு அந்த மலையில் டிரவுட் மீன் பிடிப்பது ஒரு பைத்தியம். அதற்காகவே 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை, தம் கைக்கு அளவு கொடுத்துச் செய்த கோலை மாமாவிடம் தந்துவிட்டுப் போனார். சீன மூங்கிலைப் பிளந்து, முக்கோணச் சீவல்களாக இழைத்து, ஆறு சீவல்களைச் சேர்த்து ஒட்டிய கோல் அது. மூன்று துண்டுகள், நுனித் துண்டு துடைப்பக் குச்சி கனந்தான் இருக்கும்.

மாமா காலமான பிறகு, திருப்பூரில் அத்தை அதைப் பழைய வேட்டியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். “நீயே எடுத்துட்டுப் போ கண்ணு. இங்கே பேரனுங்க குதிரை ஓட்டறானுங்க.”

பஸ்ஸில் ஏறுவதற்குமுன் அதற்கு ஓர் உறை வேண்டுமே! குழாய்க் கடைக்குப் போனேன்.

“மூணு இஞ்ச் பிளாஸ்டிக் பைப், நாலரை அடி வேணும்.”

“தண்ணி லைனுங்களாண்ணா, சாக்கடை லைனுங்களா?”

“மீன் லைன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு முனையில் மூடியைப் பசை போட்டு ஒட்டினேன். மறுமுனைக்குத் திருகு மூடி. அடியிலும் மேலும் பனியன் துண்டுகளைத் திணித்தேன். திருப்பூரில் அதற்கா பஞ்சம்? கோலை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, உடனே உள்ளே போட்டு, காற்றுப் புகாமல் மூடினேன். யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது என்று பெருமை வேறு.

யானை மிதிக்கவில்லை. ஐப்பசியில் மூடியதைத் தை மாதத்தில் திறந்தேன். குப்பென்று பூசண வாடை. தக்கைப் பிடியில் பச்சையாகப் பூத்திருந்தது. வார்னிஷ் வெளுத்துவிட்டது. அடித் துண்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டு விட்டு, சீவல் வாய் பிளந்திருந்தது. மாமா ஐம்பது வருஷம் பழைய வேட்டியில் வைத்துக் காப்பாற்றியதை, நான் மூன்று மாதத்தில் பத்திரப்படுத்திக் கெடுத்துவிட்டேன்.

அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். “ஈரத் துணியைப் பாலிதீனில் கட்டி வெச்சாப் பூசணம் பிடிக்கும்னு எங்க கட்டிங் பையனுக்கே தெரியுமுங்களே” என்றார். துணி சுற்றி வரும் கெட்டிக் காகிதக் குழல் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். அது லேசானது, கோலுக்குப் பொருத்தமானது. ஆனால் மழைக்காலத்தில் அதுவே ஈரத்தைக் குடிக்குமே என்று தயங்கினேன்.

கடைசியில் பழைய பைப்பே மிஞ்சியது. இரண்டு மூடிகளிலும் சிறு துளைகள் போட்டேன். பனியன் துணியில் துண்டுக்கு ஒன்றாக மூன்று பைகள் தைக்கச் சொன்னேன். கோலை இரண்டு நாள் நிழலில் உலர்த்தின பிறகே உள்ளே விட்டேன். வெயில் படாத மூலையில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். பிளந்த சீவலை ஒரு தச்சர் ஒட்டித் தந்தார். தழும்பு மட்டும் தெரிகிறது.

“ஆத்துக்குக் கொண்டு போனியா கண்ணு?” என்று அத்தை கேட்டாள். மாமா சிறு வயதில் கெண்டை பிடித்தது நொய்யலில். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் அந்த ஆற்றில் சாயக் கழிவு ஓடிற்று. பாசனத்துக்கென்று 1992-ல் வந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவு தேங்க, விவசாயிகளே அதை வேண்டாம் என்றார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிப்பதில் உண்மையான வேகம் வந்தது.

பாலத்தின்மேல் நின்று கீழே பார்த்தேன். கடைக்காரர் கேட்ட கேள்வி நினைவு வந்தது: தண்ணீர் லைனா, சாக்கடை லைனா?

“இன்னும் இல்லை, அத்தை” என்றேன். “கோல் காத்திருக்கும்.”

இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து அதற்குக் காற்றுக் காட்டுகிறேன்.