குழிக்குள் இறங்கியவர்

எங்கள் ஊரில் மாடிகள் உயர்ந்தன, மண்டபங்கள் எழுந்தன, கழிவுநீர் செல்ல வழி மட்டும் பிறக்கவில்லை. வீட்டுக்கொரு தொட்டி. எங்கள் தொட்டி நிரம்பிய அன்று, ஒருவர் வாளியோடு உள்ளே இறங்கினார். நான் மூக்கைப் பொத்தியபடி திண்ணையில் நின்றேன். மயங்கிச் சாய்ந்தவரைக் கயிறு கட்டித் தூக்கினோம். பிழைத்தார். “ஆயுள் கெட்டி, எல்லாம் விதி” என்றார் அடுத்த வீட்டுப் பெரியவர்.

விதியா, தோழர்களே? மலம் மக்கும்போது எழும் ஐதரசன் சல்பைடு அது! மிகுந்தால் முகரும் புலனை மழுங்கச் செய்து, பின்னர் உயிரைக் குடிக்கும். அவரைக் குழிக்கு அனுப்பியதும் விதியன்று. பிறப்பைப் பார்த்துத் தொழிலை வகுத்த சாதி. அதற்குக் கூலி கொடுத்தது என் கை. காப்புக் கருவியின்றி மனிதனை இறக்குவது குற்றமென்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம்.

அடுத்த முறை கழிவுநீர் லாரியை அழைத்தேன். கடமை முடிந்ததென்று களித்தேன். லாரி எங்கே கொட்டுகிறது? பின்தொடர்ந்தேன். சேரியை அடுத்த ஓடையில்! அந்தோ, என் வீட்டு அழுக்கு அகன்றது. அவர்கள் கிணற்றை நோக்கி நடந்தது.

வழி இல்லாமலா? செங்கற்பட்டு மாவட்டத்துக் கருங்குழி ஒரு பேரூராட்சிதான். அங்கே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. லாரி கொணரும் கசடு படுகைகளில் உலர்கிறது. வடிந்த நீரை நுண்ணுயிர்கள் தூய்மை செய்கின்றன. மந்திரமில்லை, தீர்த்தமில்லை, அறிவு இருக்கிறது.

எங்கள் பேரூராட்சியிடம் மனு கொடுத்திருக்கிறோம். முதல் கையொப்பம் குழிக்குள் இறங்கியவருடையது, இரண்டாவது என்னுடையது. குடமுழுக்குக்குத் திரளும் ஊர், கழிவுநீருக்கு நிலையம் கேட்கத் திரளும் நாளே அதன் விடுதலை நாள்!